அயலார் கண்ட போலந்து: உணவு, குடி, மொழி

புதிய நாடொன்றில் கால்வைக்கும் பயணி அன்றிரவே எழுதி வைப்பவை பெரும்பாலும் மூன்று செய்திகளே. அந்நாட்டார் என்ன உண்டார்கள், என்ன குடித்தார்கள், அவர்தம் பேச்சு காதில் எப்படி விழுந்தது என்பவையே அவை. சத்திரத்து விளக்கொளியில் எழுதப்படும் இத்தகைய குறிப்புகளைப் பொழுதுபோக்கு வாசிப்பாகவே நாம் கருதிப் பழகியிருக்கிறோம். ஆனால் போலந்தின் வரலாற்றைப் புரட்டும்போது அவற்றின் எடை வேறாகத் தெரிகிறது. அந்நாட்டை வரைபடத்திலிருந்து அழித்தவர்களுக்கு அவை சாக்காக அமைந்தன. அதே நாட்டு மொழியில் இன்று கிடைத்துள்ள முதல் வாக்கியத்தைக் காத்துத் தந்ததும் அயலார் ஒருவரின் குறிப்பே. இவ்விரு வகைக் குறிப்புகளுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சற்று அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போலந்து பற்றி எழுதிய மிகப் பழைய அயலாருள் ஒருவர் இப்ராகிம் இப்னு யாகூப். அரபு ஆட்சியிலிருந்த ஸ்பெயினின் தொர்தோசா நகரைச் சேர்ந்த யூதர். 965ஆம் ஆண்டளவில் மத்திய ஐரோப்பாவில் பயணம் செய்தார். அவருடைய மூலநூல் கிடைக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டின் அல்-பக்ரி எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சியுள்ளன. மியெஷ்கோ மன்னனின் நாட்டைப் பற்றி அவர் குறிப்பிடுவன உணவு, இறைச்சி, தேன், உழுநிலம் ஆகியவற்றின் மிகுதியும், மன்னனிடம் சம்பளம் பெறும் மூவாயிரம் கவச வீரர்களுமே. கிராக்கோ நகரின் பெயர் எழுத்தில் முதலில் காணக் கிடைப்பதும் இவர் குறிப்பில்தான். அடுத்த ஆண்டாகிய 966இல் மியெஷ்கோ திருமுழுக்குப் பெற்றார்; போலந்தின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குவது மரபு. ஆக, அந்நாடு வரலாற்றுக்குள் நுழையும் வாசலிலேயே தேனும் தானியமுமாக ஓர் அயலாரின் குறிப்பு நிற்கிறது. 'போலே' என்றால் வயல் என்று பொருள். நாட்டின் பெயரும் அச்சொல்லிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படுகிறது.

இரண்டாவது குறிப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. சைலீசியாவிலுள்ள ஹென்றிகூஃப் மடத்தின் தலைவர் பீட்டர் என்னும் ஜெர்மானியர் 1270ஆம் ஆண்டளவில், மடத்து நிலங்களின் வரலாற்றை இலத்தீனில் எழுதினார். அதில் ஒரு சிற்றூரின் பெயர்க்காரணம் சொல்ல வருகிறார். போகுக்வால் என்னும் செக் நாட்டவர் அங்கே குடியேறி உள்ளூர்ப் பெண்ணை மணந்தார். மனைவி நாளெல்லாம் திரிகையில் மாவரைத்துக் களைப்பதைக் கண்டு இரங்கி, தான் அரைப்பதாகவும் அவள் இளைப்பாறலாம் என்றும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இலத்தீனில் பெயர்க்காமல், பேசியபடியே எழுதி வைத்தார் பீட்டர். போலிஷ் மொழியின் முதல் வாக்கியமாக இன்று போற்றப்படுவது அதுவே. 2015இல் யுனெஸ்கோ இந்நூலை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சொன்னவர் செக், எழுதியவர் ஜெர்மானியர், கேட்டவள் பெயர் தெரியாத ஒரு போலிஷ் மனைவி. ஒரு மொழியின் முதல் வாக்கியம் கடவுளையோ அரசனையோ பாடாமல் மாவரைக்கும் பெண்ணின் களைப்பைப் பேசுகிறது என்பது இலக்கியம் பயில்வோர் நின்று நோக்கத்தக்கது. போலிஷ் மொழியில் ஜெர்மானியரைக் குறிக்கும் 'நியெம்ட்ஸி' என்னும் சொல் ஊமை என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்பர். அந்த 'ஊமை'களுள் ஒருவரே அம்மொழியின் முதற்குரலைப் பதிவு செய்தார்!

16ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறுகிறது. 1569இல் போலந்தும் லித்துவேனியாவும் ஒரே குடியரசாக இணைந்தன. விஸ்துலா ஆற்றின் வழியே க்தான்ஸ்க் துறைமுகத்துக்குச் சென்ற தானியம் மேற்கு ஐரோப்பாவின் பசி தீர்த்தது. அந்த வருவாயில் நிலப்பிரபுக்களின் விருந்து மண்டபங்கள் செழித்தன. உக்ரைன் பகுதியில் போலந்து அரசின் பொறியாளராகப் பணிபுரிந்த பிரெஞ்சுக்காரர் போப்லான் 1651இல் வெளியிட்ட நூலில் இப்பிரபுக்களின் விருந்துமுறையும் குடியும் இடம்பெறுகின்றன. மூன்றாம் யான் சோபியெஸ்கி மன்னனின் அரண்மனை மருத்துவராயிருந்த ஐரிஷ்காரர் பெர்னார்டு கானர் 1698இல் லண்டனில் போலந்து வரலாறு ஒன்றை வெளியிட்டார். லித்துவேனியக் காட்டில் கரடிகள் வளர்த்த சிறுவனைப் பற்றிய செய்தியும் அதில் உண்டு. வியப்புக்குரியதைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

பிரபுக்கள் ஹங்கேரியத் திராட்சை மதுவையும் தேன்மதுவையும் பருகினர். தேன்மதுவில் போலிஷ்காரர்கள் காட்டும் நுணுக்கம் தனி. ஒரு பங்கு தேனுக்கு அரைப் பங்கு நீர் சேர்த்தால் 'பூல்தொராக்', ஒரு பங்கு சேர்த்தால் 'ட்வூய்நியாக்', இரண்டு பங்கு சேர்த்தால் 'ட்ரூய்நியாக்', மூன்று பங்கு சேர்த்தால் 'ச்வூர்நியாக்' என அளவை வைத்தே பெயரிடுவர். தேன் மிகுந்த வகைகள் ஆண்டுக்கணக்கில் முதிர வேண்டும். இத்தகைய பொறுமை ஒரு குடிகாரச் சமூகத்தின் இலக்கணமாகுமா என்று எந்தப் பயணியும் கேட்டதாக நாம் காணவில்லை.

18ஆம் நூற்றாண்டின் பயணிகள் கண்ட காட்சி இருண்டது. முதற் பிரிவினை 1772இல் முடிந்திருந்தது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டன. 1778இல் அங்கே சென்ற ஆங்கிலப் பாதிரியார் வில்லியம் காக்ஸ் 1784இல் தம் பயண நூலை வெளியிட்டார். சிதைந்த கிராக்கோ, வழியெங்கும் வறுமை, படுக்க வைக்கோலன்றி வேறில்லாத சத்திரங்கள் என அவர் நூல் விரிகிறது. தலைமுடி சடையாகத் திரண்டுவிடும் ஒரு நிலையைப் போலந்துக்கே உரிய நோயென அக்காலத்தார் எண்ணினர். அந்நாட்டின் பெயரையே அதற்குச் சூட்டினர். காக்ஸும் அதற்கு இடம் ஒதுக்கினார். சடையை வெட்டினால் தீங்கு நேரும் என்ற அச்சமும் பராமரிப்பின்மையுமே அதன் காரணங்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடியவர் யூசெஃப் தியெத்தல் என்னும் கிராக்கோ மருத்துவரே.

காக்ஸின் நூல் வெளியான 1784இல், கியோர்க் ஃபோர்ஸ்டர் வில்னியஸ் நகரில் பேராசிரியராகச் சேர்ந்தார். கேப்டன் குக்குடன் பதினேழு வயதில் கடலேறி உலகைச் சுற்றியவர். பசிபிக் தீவு மக்களைப் பற்றிப் பரிவோடு எழுதியவர். க்தான்ஸ்க் அருகே, போலந்து மன்னனின் ஆட்சிப் பகுதியிலேயே பிறந்தவர். எனினும் கடிதமொன்றில் அழுக்கும் ஒழுங்கின்மையும் கண்டு சலித்து 'போலிஷ் குடித்தனம்' என்ற தொடரைக் கையாண்டார். அத்தொடர் பின்னர் ஜெர்மன் மொழியில் ஒழுங்கீனத்துக்கே மறுபெயராக நிலைத்தது. 1855இல் வெளிவந்த குஸ்தாவ் ஃபிரைட்டாக்கின் 'பற்றும் வரவும்' என்னும் நாவல், பெரும் விற்பனையால் அந்த எண்ணத்தை வீடுதோறும் கொண்டுசென்றது. பிரஷ்ய மன்னர் ஃபிரடெரிக்கோ, தாம் கைப்பற்றிய பகுதியின் மக்களை அமெரிக்கப் பழங்குடியினரான இரோக்வாயுடன் ஒப்பிட்டார். நிர்வகிக்கத் தெரியாதவர் நாட்டை நிர்வகிக்கத் தெரிந்தவர் எடுத்துக்கொள்வது குற்றமாகாது என்பதே இவ்வொப்பீட்டின் உட்பொருள்.

இக்குறிப்புகள் முழுப்பொய் அல்ல. குடி இருந்தது, வறுமையும் இருந்தது. ஆனால் அவற்றின் காரணத்தைப் பயணிகள் தேடவில்லை. 'ப்ரொபினாட்சியா' என்றொரு உரிமை நிலப்பிரபுக்களுக்கு இருந்தது. தம் நிலப்பகுதிக்குள் மது காய்ச்சவும் விற்கவும் அவர்களுக்கு மட்டுமே உரிமை. மதுக்கடையைப் பெரும்பாலும் யூதர் ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவர். குடியானவன் தன் பிரபுவின் கடையில்தான் வாங்க வேண்டும். தானிய ஏற்றுமதி நலிந்தபோது, விற்காத தானியம் வோட்காவாக மாறியது. இழந்த வருவாயைக் குடியானவனிடமிருந்தே பிரபு ஈட்டினார். ஆகவே சத்திரத்து வாசலில் விழுந்துகிடந்தவனைக் கண்ட பயணி உண்மையில் கண்டது ஒரு வருவாய்த் திட்டத்தை. அவர் குறித்துக்கொண்டதோ இனத்தின் இயல்பு என்று! பழி முதலில் குடியானவனையும், பின்னர் குத்தகைதாரரான யூதரையும் சேர்ந்தது. உரிமை பெற்றிருந்தவர் தப்பினார்.

காணாமற்போனவை வேறும் உண்டு. 1747இல் வார்சாவில் ஸலூஸ்கி சகோதரர்களின் பெருநூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1773இல் நிறுவப்பட்ட தேசியக் கல்வி ஆணையம், ஐரோப்பாவின் முதல் கல்வி அமைச்சகம் எனலாம். காக்ஸ் பயணம் செய்த அதே 1778இல், ஓனுஃப்ரி கோப்சின்ஸ்கி பள்ளிகளுக்காக எழுதிய போலிஷ் இலக்கணம் வெளிவரத் தொடங்கியது. 1791 மே 3இல் எழுத்துவடிவ அரசியலமைப்பு ஒன்றும் நிறைவேறியது. சீர்திருந்தத் தொடங்கிய அண்டைநாடு மூன்று பேரரசுகளுக்கும் உவப்பாயில்லை. 1793இலும் 1795இலும் எஞ்சியதும் பிரிக்கப்பட்டது. ஸலூஸ்கி நூலகம் பீட்டர்ஸ்பர்குக்கு அள்ளிச் செல்லப்பட்டது. 1797இல் அம்மூன்று அரசுகளும் செய்த உடன்பாட்டின் இரகசியப் பிரிவொன்று, போலந்து அரசு என்ற பெயரே இனி வழங்கக்கூடாது என விதித்தது. 'போலிஷ்காரனைப் போல் குடித்தவன்' என்ற பிரெஞ்சுத் தொடர் மட்டும் அழியவில்லை. 1808இல் சோமோசியெரா கணவாயில் போலிஷ் குதிரைப்படை காட்டிய வீரத்தைப் புகழ்ந்து நெப்போலியன் சொன்னதே அது என்றொரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, தொடரில் வசையே எஞ்சியது.

நாடு இல்லாத 123 ஆண்டுகள் அம்மக்களைத் தாங்கியது, அயலார் வாயில் நுழையாது எனச் சலித்துக்கொண்ட அந்த மொழியே. அதன் இலக்கணம் தமிழ் பயின்றோருக்கு முற்றும் அந்நியமன்று. வேற்றுமைகள் ஏழு. பன்மையில் ஒரு விந்தையான பகுப்பு உண்டு: ஆண் மாந்தர் ஒரு வகுப்பு, பெண்டிர், விலங்கு, பொருள் எல்லாம் மற்றொரு வகுப்பு. உயர்திணை, அஃறிணை எனப் பகுத்த தொல்காப்பியர் இதனைக் கண்டிருந்தால் பெண்டிரை ஏன் புறத்தே நிறுத்தினீர் என்று கேட்டிருப்பார். 'பான்', 'பானி' என்னும் மதிப்புச் சொற்களோடு படர்க்கை வினையை இட்டே முன்னிலையாரை விளிப்பர். இம்மொழியைப் பள்ளியிலிருந்து அகற்ற ரஷ்யாவும் பிரஷ்யாவும் முனைந்தன. 1901இல் விஷெஷ்னியா என்னும் ஊரில், சமய வகுப்பில் ஜெர்மன் மொழியில் விடையளிக்க மறுத்த சிறுவர்கள் பிரம்படி பட்டனர். வார்சாவில் 1880களில் இரகசியமாக வீடுவீடாக இடம்மாறி நடந்தது 'பறக்கும் பல்கலைக்கழகம்'. பின்னாளில் மேரி கியூரி எனப் புகழ்பெற்ற மரியா ஸ்க்லொடோவ்ஸ்கா அங்கே பயின்றவர்.

இக்காலத்தில்தான் வேறுவகைப் பயணி ஒருவர் வந்தார். டேனிஷ் திறனாய்வாளர் கியோர்க் பிராண்டெஸ் 1880களில் வார்சாவுக்கு வந்து, தணிக்கைக்குட்பட்டுப் பிரெஞ்சு மொழியில் சொற்பொழிவாற்றினார். 1888இல் வெளியான அவரது நூலின் பெயர் 'போலந்திலிருந்து சில பதிவுகள்' என்னும் எளிய பொருளுடையது. ஆயினும் விருந்தையும் உரையாடலையும் கண்டதோடு அவர் நிற்கவில்லை. அம்மக்களின் கவிஞர்களைப் பற்றியும் விரிவாக எழுதினார். 1924இல் இரு மாதம் சுற்றிய ஜெர்மன் நாவலாசிரியர் ஆல்ஃபிரெட் டோப்ளினுக்குப் போலிஷ் தெரியாது. யூதராகப் பிறந்தும் யூத வாழ்வை அறியாதிருந்த அவர், வார்சாவின் நலெவ்கி தெருவின் கடைகளையும் கூட்டத்தையும் கண்டபடி எழுதினார். இருபதாண்டுக்குள் அத்தெருவும் அம்மக்களும் இல்லாமற் போயினர். போலந்து யூதருள் சுமார் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டனர். அன்று சாதாரணமாயிருந்த குறிப்பு இன்று ஓர் ஆவணம்.

போலிஷ் வீடுகளில் கிறிஸ்துமஸ் முன்னிரவு விருந்தில் இன்றும் இறைச்சி தவிர்த்த பன்னிரண்டு வகை உணவு வைப்பது மரபு. பீட்ரூட் சாறு, காளான், மீன் எனப் பந்தி விரியும் முன் மெல்லிய அப்பத்தை ஒருவருக்கொருவர் பிட்டுத் தருவர். மேசையில் ஓர் இடம் காலியாக விடப்படும். அது எதிர்பாராது வரும் விருந்தினருக்கு உரியது. விருந்தினர் வந்தால் கடவுளே வந்தார் என்பது அவர்தம் பழமொழி. எத்தனையோ பயணிகள் அம்மேசையில் அமர்ந்து உண்டபின்தான் குறையெழுதினர் என்பதை எண்ணும்போது நெஞ்சு சற்றே கசக்கிறது.

அங்கிருந்து இங்கு வந்தவர் ஒருவரைச் சொல்லாமல் முடிப்பது முறையன்று. 1935இல் இந்தியாவுக்கு வந்த வாண்டா டினோவ்ஸ்கா, ரமணரின் அன்பராகி உமாதேவி எனப் பெயர்பெற்றார். 1944இல் மாரிஸ் ஃப்ரிட்மேனுடன் சேர்ந்து சென்னையில் போலிஷ்-இந்திய நூல்வரிசையைத் தொடங்கினார். அவர் முயற்சியால் 1958இல் திருக்குறள் போலிஷ் மொழியில் வந்தது. நம் உணவையும் உடையையும் பற்றி நாலு வரி எழுதிவிட்டுச் செல்ல அவருக்கும் வாய்ப்பிருந்தது. அவரோ நம் சொற்களைத் தம் மக்களிடம் கொண்டுசேர்க்கும் பணியை ஏற்றார். அவ்வழியே 'விருந்தோம்பல்' அதிகாரமும் போலந்துக்குச் சென்றது. காலியிடம் விட்டு மேசையை ஒழுங்குசெய்யும் ஒரு குடும்பத்துக்கு அதற்கு உரை தேவைப்பட்டிராது என்றே நாம் கருதுகிறோம்.