சிவப்பு விளக்கு யாருக்கு?

பிரிட்டன்ல அரசு ப்ராஜெக்டுங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு சொதப்பிக்கிட்டே இருந்துச்சு. பீட்டர் கெர்ஷன் 1999-ல கொடுத்த அறிக்கைக்கு அப்புறம், 2001-ல 'கேட்வே ரிவ்யூ' வந்தது. ப்ராஜெக்ட்ல இல்லாத வெளியாளுங்க சில நாள் துருவிப் பார்த்து சிவப்பு, ஆம்பர், பச்சைன்னு சொல்லிட்டுப் போவாங்க.

ரிப்போர்ட் போறது பொறுப்பான மூத்த அதிகாரிக்கு, சுருக்கமா எஸ்.ஆர்.ஓ. ரிவ்யூவுக்குக் கூப்பிடறதும் அவர்தான், சரிபண்ண வேண்டியதும் அவர்தான்.

ரகசியமா இருந்தாத்தான் ஆளுங்க மனசு விட்டுப் பேசுவாங்கங்கிறது அரசோட வாதம். நியாயம்தான். ஆனா செலவாகறது மக்கள் பணமாச்சே! 2005-ல தகவல் உரிமைச் சட்டம் அமலானப்பவே அடையாள அட்டைத் திட்டத்தோட ரிப்போர்ட்டைக் கேட்டாங்க. கோர்ட்டு வரைக்கும் இழுத்து, 2009-லதான் வெளிய வந்துச்சு. அடுத்த வருஷம் திட்டமே ரத்து.

2014-ல விதியை மாத்தினாங்க: பெரிய ப்ராஜெக்டுன்னா எஸ்.ஆர்.ஓ.வே நாடாளுமன்றக் குழு முன்னாடி நேரா பதில் சொல்லணும். சிவப்பு விளக்கு எரிஞ்சா மட்டும் போதாதுங்க, அதைப் பார்த்தவர் யாருன்னும் தெரியணும்.