குழுவே இல்லாத ஒரு குழுவின் ஆல்பம்

புனேயில் வளரும் என் மகள் தமிழ், இந்தி, மராத்தி மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவாள். "எதுவுமே உருப்படியா வரலையேடா" என்று அம்மா போனில் அலுத்துக்கொள்வார். அப்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு லண்டன் ஆல்பம். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்!

ஒரு பாட்டிலிருந்து பாடகரின் குரலை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? ஜமைக்காக்காரர்கள் அதிலிருந்து டப் என்று ஒரு தனி இசையையே உண்டாக்கினார்கள். கிங்ஸ்டனில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த கிங் டப்பிதான் இதில் பெரிய ஆசான். 1970களின் தொடக்கத்தில் ரெக்கே பாடல்களை எடுத்துக்கொண்டு, குரலைச் சட்டென்று அணைப்பார். டிரம்ஸும் பேஸும் மட்டும் ஓடும். திடீரென ஒரு சொல் மட்டும், கிணற்றுக்குள் கூப்பிட்டது போல, எதிரொலித்து மறையும்.

ரெக்கேயும் டப்பும் லண்டனில் வேர்விட்டது, பிழைக்கப் போனவர்களால். 1948-ல் விண்ட்ரஷ் கப்பல் வந்ததிலிருந்து கரீபியன் தீவுக்காரர்கள் இங்கிலாந்துக்குக் குடியேறினார்கள். வேலை கிடைத்தது, வாடகைக்கு வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. 1970களில் "திரும்பிப் போ" என்று நேஷனல் ஃப்ரண்ட் கட்சி ஊர்வலம் நடத்தியது. அதற்கு எதிராக 1976-ல் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் தொடங்கியது. வெள்ளைக்காரப் பங்க் குழுக்களும் கறுப்பின ரெக்கே குழுக்களும் ஒரே மேடையில் ஏறின.

அந்தச் சூழலில் 1981-ல் வந்ததுதான் 'நியூ ஏஜ் ஸ்டெப்பர்ஸ்'. அப்போது 23 வயதான ஏட்ரியன் ஷெர்வுட் தொடங்கிய ஆன்-யூ சவுண்டின் முதல் எல்.பி. இது நிலையான குழு அல்ல, அவ்வப்போது கூடிய கூட்டம். ஜெர்மனியில் பிறந்து, 14 வயதில் 'ஸ்லிட்ஸ்' பங்க் குழுவில் சேர்ந்த ஆரி அப். பிரிஸ்டலின் 'பாப் குரூப்' குழுவிலிருந்து மார்க் ஸ்டூவர்ட். லண்டன் ரெக்கே குழு 'அஸ்வாட்'டில் இருந்த ஜார்ஜ் ஓபன். ஜமைக்காவின் டிரம்மர் ஸ்டைல் ஸ்காட். இன்னும் பலர்.

முதல் பாட்டு 'ஃபேட் அவே', ஜமைக்காவின் ஜூனியர் பைல்ஸ் பாடியது. ஆரி அப் அதை அவரைப் போலப் பாட முயலவில்லை. தன் கரடுமுரடான பங்க் குரலிலேயே பாடுகிறார். மற்ற பாட்டுகளில் கித்தார் கீறும், சத்தங்கள் முட்டிக்கொள்ளும். பாயசம் மாதிரிக் கரைந்த கலவை இல்லை இது. யாரும் தன் ருசியை விட்டுக்கொடுக்கவில்லை.

இதனால் இங்கிலாந்து திருந்திவிடவில்லை. அதே 1981 ஏப்ரலில் பிரிக்ஸ்டன் பற்றி எரிந்தது. ஆனால், "இது யாருடைய இசை?" என்ற கேள்விக்கு அவர்கள் வாதாடாமல் வாசித்தே பதில் சொல்லிவிட்டார்கள்.

2010-ல் ஆரி அப் இறந்தார். அவர் குரலோடு கடைசி ஆல்பம் 2012-ல் வந்தது. 2014-ல் ஸ்டைல் ஸ்காட், 2023-ல் மார்க் ஸ்டூவர்ட்டும் போய்விட்டார்கள். டப்பில் வருவது போலவேதான், ஆள் போன பின்னும் குரல் திரும்பி வருகிறது.

டப்பில் குரல் போகும், கித்தார் போகும். பேஸ் மட்டும் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். அம்மாவிடம் இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். மேலே எதுவும் கலக்கட்டும். அடியில் தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

கேட்டுப் பாருங்கள். கைபேசி ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். பேஸ் கேட்காது!