அயர்லாந்து நாட்டுப்புற மக்களின் ஆடை மரபு

உடை மானங்காப்பது மட்டுமன்று; ஒரு மக்களின் வரலாற்றையும் காத்து நிற்பது. ஆதலின் ஐரிஷ் மக்களின் உடை வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம்.

ஆங்கில மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், 1537-ஆம் ஆண்டு, அயர்லாந்தில் வாழ்வோர் ஆங்கில மொழியையும் ஆங்கில உடையையுமே மேற்கொள்ள வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. குங்குமப்பூச் சாயம் தோய்த்த சட்டையும் அதனால் விலக்கப்பட்டது. ஆனால், ஆணையால் மட்டும் உடை மறைவதில்லை. தன் உடையைக் கண்டு தானே நாணும் மனமும் அதனை மறைக்க வல்லது. மேலைக் கடலிலுள்ள ஆரன் தீவுகள் இதற்குச் சான்றாம்.

கால்வே விரிகுடாவின் வாயிலில் அமைந்த பாறைத் தீவுகள் மூன்று. 1898-இல் அங்குச் சென்ற நாடகாசிரியர் ஜான் மில்லிங்டன் சிங், தீவினரின் உடையை நுணுகி நோக்கி எழுதினார். ஆட்டு மயிரை மகளிர் வீட்டிலேயே நூற்றனர்; தறியில் நெய்த அக்கம்பளியே அனைவர்க்கும் ஆடையாயிற்று. பெண்டிர் சிவந்த பாவாடையும் சால்வையும் அணிந்தனர். ஆடவர் இடையில் விரல்களாற் பின்னிய பல்வண்ணக் கச்சை விளங்கியது. காலணியோ, மயிர் வெளியே தோன்றப் பதனிடாத மாட்டுத்தோலை மடித்து, மீன்பிடி கயிற்றாற் கட்டியது. உலர்ந்தால் இறுகிவிடுமாதலின் இரவில் அதனை நீரில் ஊறவைப்பர்!

பின்னர்க் கடையுடைகளும், அமெரிக்காவிற் குடியேறிய உறவினர் அனுப்பிய உடைகளும் வந்தன. பழைய உடை வறுமையின் அடையாளமாகக் கருதப்பட்டது. இளைஞர் அதனைக் கைவிட்டனர். முதியோர் சிலரே இறுதிவரை அணிந்தனர்.

இன்று உலகெங்கும் ஆரன் தீவின் பெயரால் விற்கப்படுவது வெண்ணிறப் பின்னற் சட்டையாகும். அது மிகத் தொன்மையானதென்றும், குடும்பந்தோறும் தனிப் பின்னல் உண்டென்றும், கடலில் மாண்டாரை அதனால் அடையாளங் கண்டனரென்றும் கூறுவர். ஆராய்ச்சியாளர் இதனை ஏற்பதில்லை. அச்சட்டை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. 1904-இல் அரங்கேறிய சிங்கின் நாடகத்தில், மாண்ட அண்ணனைத் தங்கை அறிவது காலுறையின் பின்னற்கண்களை எண்ணியே. அக்காட்சியே பின்னர்ச் சட்டைக் கதையாய் வளர்ந்ததென்பர்.

நேற்றுப் பிறந்தது தொன்மையென்று போற்றப்படுகிறது. உண்மைத் தொன்மையோ நாணி ஒதுக்கப்பட்டது. அப்பின்னற் சட்டையின் அழகை நாம் குறை கூறவில்லை. ஆயினும், நீரில் ஊறிய தோற்செருப்பும், தாய்மார் கைப்பட நூற்ற சிவந்த பாவாடையுமே அம்மக்கள் உழைத்து வாழ்ந்த வாழ்வை உள்ளவாறு உரைக்கின்றன. பெருமைக்கு உரியவை அவையே அன்றோ?