ஊற்றுப்பேனாப் பேழை

ஊற்றுப்பேனாப் பேழை என்பது ஊற்றுப்பேனாக்களைச் சேகரிப்போர் அவற்றைக் காட்சிப்படுத்தவும் கெடாமல் காக்கவும் பயன்படுத்தும் பள்ளம் வெட்டிய தட்டுகள் கொண்ட பெட்டி ஆகும். பனையோலைக் காலத்தில் இதற்குத் தேவை எழவில்லை. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி மூன்றும் பெரும்பாலும் இரும்பு. மடக்கெழுத்தாணி தன் கைப்பிடியையே உறையாகவும் கொண்டிருந்தது. பேனாவோ தன்னைச் செய்த பொருளாலேயே கெடக்கூடியது.

1844-இல் சார்லசு குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி இறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பரே எபொனைட். 1884-இல் வாட்டர்மேன் காப்புரிமை பெற்றபின் பரவிய பேனாக்களின் உடல் பெரும்பாலும் இதுவே. இந்தியாவில் எபொனைட் பேனாவுக்குச் சுதேசி இயக்கம் உயிர் கொடுத்தது. காந்தியின் தூண்டுதலால் ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் பேனா செய்யத் தொடங்கினார். திருவள்ளூரில் ரங்கா நிறுவனம் இன்றும் எபொனைட் தண்டுகளைக் கையால் கடைந்து பேனா செய்கிறது.

எபொனைட்டில் உள்ள கந்தகம் முழுவதும் கட்டுண்டு கிடப்பதில்லை. வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பு அமிலமாகிக் கருமை மங்கிப் பழுப்பாகும். கசியும் கந்தக வாயு அருகிலுள்ள வெள்ளி மூடியைக் கறுக்கச் செய்யும். ஆகவே கண்ணாடி மூடியிட்ட பெட்டியை வெயில் படும் சன்னலோரம் வைப்பது அழகாயிருந்தாலும் தவறு.

1924-இல் செஃபர் நிறுவனம் புகழாக்கிய செல்லுலாய்டு வேறு வகைத் தொல்லை. நைட்ரோசெல்லுலோசுடன் கற்பூரம் கலந்து செய்யப்படுவது அது. கோயிலில் ஏற்றும் அதே கற்பூரந்தான். காலப்போக்கில் கற்பூரம் ஆவியாக, பேனா சுருங்கி வெடிக்கும். சிதையத் தொடங்கிய ஒன்று வெளிவிடும் அமில வாயு காற்றுப் புகாத பெட்டியில் தேங்கி, பக்கத்துப் பேனாக்களையும் அரிக்கும். எளிதில் தீப்பற்றும் பொருளும்கூட. எனவே செல்லுலாய்டுக்குக் காற்றோட்டமுள்ள தனித்தட்டு வேண்டும். எபொனைட்டுக்கும் வெள்ளிக்கும் இடையே பிரிவு வேண்டும்.

பெட்டியின் மரத்தையும் கவனிக்க வேண்டும். ஓக் மரம் அசிட்டிக் அமில ஆவி விடும். உள்விரிப்புக்குக் கம்பளித் துணி உதவாது. கம்பளியிலும் கந்தகம் உண்டு. சாயம் போகாத பருத்தித் துணி நல்லது. துணிப்பெட்டிப் பழக்கத்தில் அந்துருண்டை போடுவோர் உண்டு. அதன் ஆவி சில நெகிழிகளை இளக்கிவிடும்.

இடத்துக்கேற்பவும் தேர்வு மாறும். சென்னையின் கடற்காற்றில் எஃகு நிப்பு துருப்பிடிக்கும். அங்கே சிலிக்கா ஜெல் பை உதவும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரில் வெப்பம் குறைவு. இருந்தாலும் மழைக்கால ஈரம் அங்கும் உண்டு. தமிழ்நாட்டு எபொனைட் பேனாக்கள் பலவற்றில் மை நேரே தண்டுக்குள் சொட்டி நிரப்பப்படுவதால், சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மை கக்கும். மையுள்ள பேனாவை நிப்பு மேல்நோக்க நிறுத்தி வைப்பர். படுக்கை வசத் தட்டு, கழுவி உலர்த்திய பேனாக்களுக்கு.