ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் நடுவே

பி.காம். படிக்கிறவனுக்கு ஜாவாஸ்கிரிப்ட் எதற்கு என்று வகுப்பில் கேட்கிறார்கள். உலாவியில் தமிழ் தட்டச்சு செய்த எல்லோருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. அதனால் எழுதுகிறேன்.

ஒலிபெயர்ப்பு முறையில் ‘கே’ விசையை அழுத்தினால் ‘க்’ வரும். அடுத்து ‘ஏ’ விசையை அழுத்தினால் புள்ளி போய் ‘க’ ஆகும். அதாவது, இரண்டாவது விசைக்கு என்ன செய்வது என்பது முதல் விசையைப் பொறுத்தது.

சிக்கல் இங்கேதான். ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை 1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார். ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு விசைக்கும் உலாவி ஒரு ஈவென்ட் ஹேண்ட்லரைக் கூப்பிடும். அது முழுசாக ஓடி முடிந்ததும் உள்ளே இருந்த மாறிகள் மறைந்துவிடும். சமாளிக்க இரண்டு வழிகள்: முந்தைய விசையை வெளியே ஒரு பொதுமாறியில் போட்டு வைப்பது, அல்லது கர்சருக்கு முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பது.

மூன்றாவது வழிதான் ஜெனரேட்டர். பாதியில் ‘யீல்ட்’ என்று நிற்கும். மாறிகள் அப்படியே இருக்கும். ‘நெக்ஸ்ட்’ என்று கூப்பிட்டால் நின்ற இடத்திலிருந்து தொடரும். பைதானில் 2001-இல் வந்தது. அதைப் பார்த்து 2006 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸ் 2 எடுத்துக்கொண்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரோ கடைசிப் பதிப்பான 11 வரை ஏற்கவே இல்லை. மொழியின் தரத்தில் இடம் கிடைத்தது 2015 ஜூனில்தான்.

சரி, ஜெனரேட்டரையே ஹேண்ட்லராகக் கொடுத்தால்? பிழைச்செய்தி வராது, வேலையும் நடக்காது :-) கூப்பிட்டதும் அது ஓடுவதில்லை, ஒரு ஆப்ஜெக்டை மட்டும் திருப்பித் தரும். உலாவி அதைக் கண்டுகொள்ளாது. எனவே அந்த ஆப்ஜெக்டை வெளியே ஒரே முறை உருவாக்கி, ஒரு நெக்ஸ்ட் கொடுத்து முதல் யீல்ட் வரை நகர்த்தி வைக்க வேண்டும். (அந்த முதல் நெக்ஸ்டில் அனுப்பும் மதிப்பு வீண்.) பிறகு சாதாரண ஹேண்ட்லருக்குள்ளிருந்து ஒவ்வொரு விசையையும் நெக்ஸ்ட் வழியாக அனுப்பலாம். நெக்ஸ்ட் அங்கேயே, அப்போதே ஓடுவதால், ஆங்கில எழுத்து பெட்டியில் விழாமல் தடுக்க முடியும். ‘அவெயிட்’ போட்டுக் காத்திருந்துவிட்டுத் தடுத்தால், அதற்குள் எழுத்து விழுந்திருக்கும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒரு ஓட்டை உண்டு. ‘க்’ அடித்த பயனர், மவுஸால் வேறு வரியில் ‘ம்’ பக்கத்தில் கிளிக் செய்து ‘ஏ’ அழுத்துகிறார். அங்கே வர வேண்டியது ‘ம’. ஜெனரேட்டரோ இன்னும் ‘க்’ நினைப்பிலேயே நிற்கிறது!

எங்கள் மரக்காணத்து உப்பளக் கணக்கும் இப்படித்தான். நோட்டில் எத்தனை மூட்டை என்று எழுதியிருந்தாலும், இரவில் மழை கொட்டினால் நோட்டில் உள்ள எண் கரையாது, அம்பாரம் கரைந்துவிடும். காலையில் போய் அம்பாரத்தைத்தான் பார்க்க வேண்டும். நாங்கள் படிக்கிற தணிக்கைப் பாடமும் அதையே சொல்கிறது: ஏட்டு இருப்பை நம்பாதே, சரக்கை எண்ணு.

தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத உதவும் ஜேக்வரி ஐஎம்இ, கர்சருக்கு முன்னால் உள்ள எழுத்துகளைத் திரும்பிப் பார்த்தே விதியைப் பொருத்துகிறது. பழைய வழிதான், ஆனால் அது எண்ணுவது சரக்கை. பயனர் குறுக்கே புக முடியாத வேலைகளுக்கு ஜெனரேட்டரை வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுதி செய்யப் போகிறவர்கள், பெட்டியைத் திரும்பிப் பாருங்கள்.