கப்பல் ஏறியவர்களும் தெருவில் நடக்கப் போராடியவர்களும்



பயணம் மனிதரை மாற்றும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாலு ஊர் பார்த்தவரின் பார்வை விரியும் என்பது பொது நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நம் வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயணம் போவதற்கு முதலில் தெருவில் நடக்க முடிய வேண்டும். வண்டியில் இடம் கிடைக்க வேண்டும். தாகம் எடுத்தால் தண்ணீர் தர ஒருவர் வேண்டும். இம்மூன்றும் மறுக்கப்பட்ட மக்களுக்குப் பயணம் என்ன கற்றுக்கொடுத்தது?

அண்ணல் அம்பேத்கர் தம் பயண அனுபவங்களை 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற குறிப்பில் எழுதிவைத்தார். 1901இல் சிறுவன் பீமராவ், அண்ணன் உள்ளிட்ட உறவுப் பிள்ளைகளோடு, வெளியூரில் காசாளராக இருந்த தந்தையைப் பார்க்கச் சாத்தாராவிலிருந்து ரயிலில் போனார். மசூர் நிலையத்தில் இறங்கியபோது, நல்ல உடை உடுத்தியிருந்த பிள்ளைகளிடம் அன்பாகப் பேசினார் நிலைய அதிகாரி. மகர் சாதி என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூட நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. கட்டுச்சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அன்றிரவு பட்டினியாகப் படுத்தார்கள்.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பிறகு லண்டன். அந்த ஆண்டுகளில், தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பே மனத்திலிருந்து அழிந்துபோனதாக அவரே எழுதுகிறார். 1917இல் திரும்பிவந்து பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. கொலம்பியாவில் படித்தவர் ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பம்பாய்க்கு ரயிலேறினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயணம் அம்பேத்கரின் மனத்தை மாற்றியது. பரோடாவின் வாசல்களை மாற்றவில்லை. இழிவு தன் பிறப்பில் இல்லை, இந்தச் சமூகத்தின் ஏற்பாட்டில் இருக்கிறது என்பதற்கு வெளிநாட்டு வாழ்க்கை சான்றாக நின்றது. சாதி இல்லாமலும் மனிதர் வாழ முடியும் என்று கண்டுவந்தவருக்குச் சாதியை விதி என்று சொல்லி ஏமாற்ற முடியாது.

நம் மண்ணிலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1898இல் பண்டிதர் அயோத்திதாசர் கர்னல் ஆல்காட்டோடு இலங்கைக்குப் போனார். கொழும்பில் சுமங்கல நாயக்கரிடம் பௌத்த தீட்சை பெற்றார். திரும்பியதும் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து பிழைப்புக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போன தொழிலாளர்கள் அந்தச் சங்கத்துக்கும் இதழுக்கும் பெரும் துணையாக நின்றார்கள். பண்ணையாரின் நிலத்தை விட்டுச் சுரங்கக் கூலிக்குப் போனவர்கள் கையில் கூலி வந்தது, கூடவே பத்திரிகையும் வந்தது.

இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்துவிட்டுத் தாயகம் திரும்பினார். சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானதும் அவர் என்ன கேட்டார்? பொதுத் தெருக்களிலும் பொதுக் கிணறுகளிலும் எல்லாச் சாதியாருக்கும் உரிமை வேண்டும் என்று 1924இல் தீர்மானம் கொண்டுவந்தார். கடல் கடந்து போய்வந்தவர் பொதுத் தெருவில் நடக்கும் உரிமையைச் சட்டமன்றத்தில் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பின்னர் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு சேர்ந்து ஒடுக்கப்பட்டோரின் குரலாக நின்றார்.

ஆதிக்கச் சாதியாரும் பயணம் போனார்கள். கடல் கடந்தால் தீட்டு என்றார்கள். போய்வந்தபின் பிராயச்சித்தம் செய்துகொண்டு பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். பலர் சாதியையும் பெட்டியில் வைத்தே எடுத்துப் போனார்கள். தேயிலைத் தோட்டத்து லயன்களுக்கும் சாதி போய்ச் சேர்ந்தது. சாதியால் லாபம் பெற்றவர் உலகத்தையே சுற்றிவந்தாலும், அந்த லாபத்தை விடத் துணியாதவரை அவர் பார்வை மாறுவதில்லை. ஆகவே பயணம் தானாகவே யாரையும் திருத்திவிடாது. கண்டதைச் சங்கமாக, பத்திரிகையாக, சட்டமாக மாற்றும்போதுதான் அது சமூகத்தைத் தொடுகிறது. நம் முன்னோர் செய்தது அதைத்தான்.

இன்று நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். அங்கே ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது, சில ஊர்களில் இன்னும் குறிப்பிட்ட தெருவில் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். நகரத்தில் வாடகை வீடு கேட்டால் சாதியைத் துருவிக் கேட்கிறார்கள். பரோடா விடுதி இன்னும் மூடப்படவில்லை.

அந்தப் பிள்ளைகள் வெளியே கண்ட சமத்துவத்தை ஊருக்குள் பேச ஓர் இடம் வேண்டும். வாசகசாலையும் இரவுப் பாடசாலையும் சங்கமும் அதற்குத்தான். வெளியே போய்வந்தவர்கள் ஊருக்கு என்ன கொண்டுவந்தார்கள் என்று கேட்போம். கொண்டுவந்ததைத் தெருவில் இறக்கிவைக்க அவர்களோடு நிற்போம்.