சுப. உதயகுமாரனின் கன்னியாகுமரித் தேர்தல் போட்டி, 2014

அரசியல் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்ற கல்வியாளரும், கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து நடந்த சாத்வீகப் போராட்டத்தின் ஒருங்கிணைப்பாளருமான நாகர்கோவில் சுப. உதயகுமாரன், 2014 ஏப்ரல் 24-ஆம் தேதி தமிழ்நாட்டில் நடைபெற்ற மக்களவைத் தேர்தலில், கன்னியாகுமரித் தொகுதியில் ஆம் ஆத்மி கட்சியின் அபேட்சகராக நின்று, 15,314 வாக்குகளைப் பெற்றுத் தோல்வியுற்றார். ஆயிரக்கணக்கான ஜனங்களை ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் திரட்டி வைத்திருந்த ஓர் இயக்கத்தின் தலைவர், வாக்குப்பெட்டியின் முன் ஒன்றரை சதவீதத்தோடு நின்றுவிட்டது ஏன் என்பதை ஆராய்வோருக்கு இந்தப் போட்டி நல்ல திருஷ்டாந்தமாக விளங்குகிறது.

நிலமும் ஜனங்களும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களாக 1956 அக்டோபர் வரை திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தோடு இணைந்திருந்து, நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கப்பட்டது. எல்லை மாறினாலும் உறவு மாறவில்லை. திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், விளவங்கோட்டுப் பகுதியில் பிறந்த திவான் ராஜா கேசவதாசனால் அமைக்கப்பட்டது. அங்கே தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். ஓணக் காலத்தில் தோவாளைப் பூவும், எந்நாளும் நாஞ்சில் நாட்டு வாழைக்குலையும் களியக்காவிளை வழியாக லாரியேறி அங்கே வந்து இறங்குகின்றன. கூடங்குளத்திலிருந்து திருவனந்தபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டரே ஆகையால், அணுஉலை பற்றிய கவலை சாலைத் தெருவிலும் பேச்சாயிற்று. கேரளத்தின் எதிர்க்கட்சித் தலைவராக அப்போது இருந்த வி.எஸ். அச்சுதானந்தன், தம் கட்சித் தலைமையின் அபிப்பிராயத்துக்கு மாறாக, 2012 செப்டம்பரில் போராட்டக்காரரைக் காணப் புறப்பட்டு, களியக்காவிளையிலேயே நிறுத்தப்பட்டுத் திரும்ப நேர்ந்தது.

2008-ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்குப் பின், பழைய நாகர்கோவில் தொகுதி கன்னியாகுமரித் தொகுதி என்று பெயர் பெற்றது. கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்னும் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும். கடற்கரை நெடுகக் கத்தோலிக்க மீனவர்களும், உள்நாட்டில் இந்து சமயத்தவரும் பல்வேறு கிறிஸ்தவ சபையினரும் விரவி வாழும் இப்பகுதியில், 1982-இல் நிகழ்ந்த மண்டைக்காட்டுக் கலவரம் சமய அடிப்படையில் வாக்குகள் திரளும் வழக்கத்தை வலுப்படுத்தியது. ஆகவே இங்கே பெரும்போட்டி திராவிடக் கட்சிகளுக்கிடையே அல்லாமல், காங்கிரசுக்கும் பாரதிய ஜனதாவுக்கும் இடையே அமைவது தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் காணாத விசேஷம்.

வாழ்க்கையும் கல்வியும்

உதயகுமாரன் 1959-இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1980-களில் எத்தியோப்பியாவில் ஆசிரியராகப் பணியாற்றிவிட்டு, அமெரிக்காவின் நோட்டர்டேம் சர்வகலாசாலையில் சமாதானக் கல்வியில் முதுகலைப் பட்டமும், ஹவாய் சர்வகலாசாலையில் அரசியல் விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். மின்னசோட்டா சர்வகலாசாலையில் இனமும் வறுமையும் பற்றி ஆராயும் நிறுவனத்திலும் சில காலம் பணி செய்தார். இந்துத்துவ அரசியல் பழங்காலத்தை எவ்வாறு தனக்கேற்பச் சமைத்துக்கொள்கிறது என்பதை ஆராயும் அவருடைய ஆங்கில நூல் 2005-இல் வெளிவந்தது. வெளிநாட்டில் கிடைக்கக்கூடிய உத்தியோகத்தை விடுத்து நாகர்கோவிலுக்குத் திரும்பி, மனைவியாரோடு சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தை நடத்தினார். சமூகநீதி, ஆயுதக் குறைப்பு, இயற்கைப் பாதுகாப்பு ஆகியவற்றில் அவர் இடதுசாரிச் சிந்தனையாளரே எனினும் எந்தக் கம்யூனிஸ்டுக் கட்சியையும் சேர்ந்தவரல்லர். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளை எதிர்க்காமல் புதிய உலைகளை மட்டும் மறுத்த மார்க்சிஸ்டுக் கட்சியோடு இந்த ஒரு விஷயத்தில் அவருக்குக் கருத்து வேற்றுமையும் இருந்தது.

கூடங்குளம் போராட்டம்

1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் மிகயீல் கோர்பச்சேவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, திருநெல்வேலி மாவட்டம் ராதாபுரம் தாலுகாவிலுள்ள கூடங்குளத்தில், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறனுடைய இரண்டு உலைகளை நிறுவ முடிவாயிற்று. 1989 மே முதல் நாள் கன்னியாகுமரியில் மீனவர் இயக்கத்தின் பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அக்காலந்தொட்டே எதிர்ப்பு இருந்தது எனலாம். சோவியத் ராஜ்யம் சிதைந்தபின் கிடப்பில் கிடந்த திட்டம் மீண்டும் எழுந்து, 2002-இல் கட்டுமானம் தொடங்கியது. இதற்கு முந்திய ஆண்டிலேயே அணுசக்திக்கு எதிரான மக்கள் இயக்கம் உருவாயிற்று.

2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் நேர்ந்த விபத்துக்குப் பின் போராட்டம் பெருந்திரளாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில், கூடங்குளத்தை அடுத்த மீனவக் கிராமமான இடிந்தகரையின் லூர்து மாதா ஆலயத்தின் முன்னால் போட்ட பந்தலில், நூற்றுக்கு மேற்பட்டோர் உபவாசம் இருந்தார்கள். மாநில மந்திரிசபை, ஜனங்களின் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்தும்படி மத்திய அரசைக் கேட்டுத் தீர்மானம் செய்த பின்னரே அது முடிந்தது. ஆனால் 2012 மார்ச் 19-இல் அதே மந்திரிசபை அனுமதி அளித்தது. பந்தலில் தொடர் உபவாசம் நாள்தோறும் நடந்தது. பெண்கள் அங்கே கூடியிருந்து பீடி சுற்றிக்கொண்டே பேச்சைக் கேட்டார்கள். அவ்வாண்டு மே மாதத்தில் வாக்காளர் அடையாள அட்டைகளை ஒப்படைக்கும் போராட்டமும், செப்டம்பர் 10-இல் கடற்கரை முற்றுகையும் தடியடியும், அதே நாளில் மணப்பாட்டில் துப்பாக்கிச் சூட்டினால் ஒரு மீனவரின் மரணமும், பின்னர் கடலுக்குள் இறங்கி நின்ற ஜலசத்தியாக்கிரகமும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தன.

ஆயிரக்கணக்கானோர் மீது ராஜத்துரோகம் முதலிய குற்றங்கள் சாட்டப்பட்டன. 2013 மே 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், பாதுகாப்பு நிபந்தனைகள் பலவற்றை விதித்து உலையை இயக்க அனுமதித்ததோடு, வழக்குகளைத் திரும்பப் பெற முயலும்படியும் கூறிற்று. ஜூலை 13-இல் முதல் உலை இயங்கத் தொடங்கி, அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. உலையை நிறுத்துவது என்னும் இலட்சியம் இவ்வாறு நீதிமன்றத்திலும் நிர்வாகத்திலும் தோற்றபோது, எஞ்சியிருந்த ஒரே அரசியல் மேடை தேர்தலாயிற்று.

தேர்தல் பிரவேசம்

2012 நவம்பரில் தோன்றிய ஆம் ஆத்மி கட்சி, 2013 டிசம்பரில் டெல்லிச் சட்டசபையில் 28 இடங்களை வென்று, 49 நாள் ஆட்சி செய்துவிட்டு, 2014 பிப்ரவரியில் விலகியிருந்த வேளை அது. ஊழலை எதிர்த்துக் கிளம்பிய அக்கட்சி, பல மாநிலங்களிலும் நீடித்து நடந்த ஜனப் போராட்டங்களின் தலைவர்களைத் தன் அபேட்சகர்களாக நிறுத்தியது. இம்முறையில் உதயகுமாரன், மை.பா. ஜேசுராஜ், எம். புஷ்பராயன் என்னும் மூவர் முறையே கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடித் தொகுதிகளில் துடைப்பம் சின்னத்தில் நின்றார்கள். கைதாகும் நிலையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு இடிந்தகரையிலேயே தங்கியிருந்த உதயகுமாரன், அக்கிராமத்தை விட்டு வெளியே வந்ததும் இத்தேர்தலை முன்னிட்டேயாகும். வாக்காளர் அட்டையைத் திருப்பிக் கொடுக்க முன்வந்த இயக்கம் இரண்டே ஆண்டில் வாக்குக் கேட்டது என்பதை எதிர்க்கட்சியினர் சுட்டிக்காட்ட வாய்ப்பு இருந்தது. ஆனால் அணுஉலை குறித்து எல்லாப் பெரிய கட்சிகளும் ஒருமுகமாயிருந்த நிலையில், மறுப்பைப் பாராளுமன்றத்தில் எடுத்துரைக்க வேறு வழி இல்லை என்பது இயக்கத்தாரின் நிலை.

போட்டியும் முடிவும்

தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37-ஐ அ.தி.மு.க. வென்ற அத்தேர்தலில், அதற்கு அடங்காத இரு தொகுதிகளில் ஒன்று கன்னியாகுமரி. பா.ஜ.க.வின் பொன். இராதாகிருஷ்ணன் 3,72,906 வாக்குகள் பெற்று, காங்கிரசின் எச். வசந்தகுமாரை 1,28,662 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்துப் பின்னர் மத்திய இணை மந்திரியானார். அ.தி.மு.க. மூன்றாவதாகவும், தி.மு.க. நான்காவதாகவும், 2004-இல் இதே பகுதியில் வென்றிருந்த மார்க்சிஸ்டுக் கட்சியின் ஏ.வி. பெல்லார்மின் 35,284 வாக்குகளோடு ஐந்தாவதாகவும் வந்தார்கள். பதிவான செல்லத்தக்க வாக்கில் ஆறில் ஒரு பங்கு பெறாதோர் டெபாசிட்டை இழப்பர் என்னும் விதியின்படி, நூற்றாண்டின் பாதியைக் கடந்த தி.மு.க.வே இங்கே டெபாசிட்டை இழந்ததென்றால், ஒன்றரை ஆண்டே நிரம்பிய ஒரு கட்சியின் நிலையைத் தனியே கூற வேண்டுவதில்லை.

முடிவுக்குக் கூறப்படும் காரணங்களுள், பணமும் கிளை அமைப்பும் இல்லாமை, புதிய சின்னம் பழகாமை, இரு பெரும் அணிகளாகச் சமய வழியில் வாக்குகள் திரண்டமை ஆகியன பொதுவானவை. இவற்றினும் ஆழமானது பூகோளக் காரணம். போராட்டத்தின் ஆதாரம் கடற்கரை. கடற்கரையோ கோடு போல நீண்டு கிடப்பது. தேர்தல் தொகுதியோ கரையின் ஒரு துண்டையும், உள்நாட்டின் பெரும்பரப்பையும் சேர்த்து வெட்டியெடுத்த பாளம். கூடங்குளமும் இடிந்தகரையும் திருநெல்வேலித் தொகுதியில்; அதற்கு வடக்கேயுள்ள மீனவ ஊர்கள் தூத்துக்குடித் தொகுதியில்; உதயகுமாரனின் பிறப்பிடமும் அதனை ஒட்டிய கரையும் கன்னியாகுமரித் தொகுதியில். ஒரே போராட்டத்தின் ஜனங்கள் மூன்று பெட்டிகளில் வாக்களித்து, மூன்றிலும் சிறுபான்மையாயினர். இடிந்தகரையில் பந்தலில் அமர்ந்தவர்களுடைய வாக்கு, அவர்களுடைய தலைவருக்குச் சட்டப்படி விழவே முடியாத வாக்காயிற்று.

அண்டைப் பகுதி முன்னோடிகள்

இதே நிலத்தில் சிறு கட்சிகளும் தனிமனிதர்களும் முன்னர் வென்றதுண்டு. 1952-இல் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் மார்ஷல் நேசமணி நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குச் சென்றார். தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டுமென்ற அவருடைய கிளர்ச்சியின் எல்லையும் அத்தொகுதியின் எல்லையும் பெரும்பாலும் ஒன்றாயிருந்ததே அவ்வெற்றியின் ரகசியம். அதே ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து, சரித்திரமும் பொருளாதாரமும் கற்று, இலங்கையில் ஆசிரியத் தொழில் செய்து, விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்ற ஆனி மஸ்கரீன் சுயேச்சையாக வென்று, கேரளத்தின் முதல் பெண் மக்களவை உறுப்பினரானார். 1971-இல் வி.கே. கிருஷ்ண மேனன் இடதுசாரிகளின் ஆதரவோடு சுயேச்சையாக அதே தொகுதியில் வென்றார். மூவருக்கும் ஒன்று பொதுவாயிருந்தது: தொகுதி முழுவதற்கும் பரவிய நற்பெயரோ, தொகுதியின் ஒரு பெரும் பகுதியை ஒன்றாக்கும் கோரிக்கையோ அவர்களுக்கு முன்னமே இருந்தது. 2014-இல் திருச்சூரில் ஆம் ஆத்மி சார்பில் நின்ற எழுத்தாளரும் பேராசிரியையுமான சாரா ஜோசப், 44 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றும் வெற்றி எல்லையை எட்ட முடியாமற் போனதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பிற தேசங்களில்

அணுஉலை எதிர்ப்பு எங்கெங்கோ வாக்காக மாறியதுண்டு. மேற்கு ஜெர்மனியில் பெட்ரா கெல்லி முதலியோர் 1980-இல் நிறுவிய பசுமைக் கட்சி, 1983-இல் 5.6 சதவீத வாக்கைப் பெற்றே கூட்டாட்சி மன்றத்தில் நுழைந்தது. விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறை, நாடெங்கும் சிதறிக் கிடந்த வாக்கை ஒன்றாகக் கூட்டிக்கொடுத்தது. அம்முறை இல்லாத அமெரிக்காவில், தத்துவப் பேராசிரியரும் இடதுசாரிப் பிரசாரகருமான கார்னெல் வெஸ்ட், 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முதலில் மக்கள் கட்சியின் பெயரிலும், பின்னர் பசுமைக் கட்சியின் பெயரிலும், இறுதியில் சுயேச்சையாகவும் புறப்பட்டு, நூற்றில் ஒரு பங்கு வாக்கைக்கூடப் பெறவில்லை. அவருக்கும் உதயகுமாரனுக்கும் இடையே பெருங்கடல் உண்டெனினும், மாநிலந்தோறும் விண்ணப்பக் கையொப்பம் திரட்ட வேண்டிய அங்கத்திய நெருக்கடியும், ஒருவரே வெல்லும் தொகுதி என்னும் இங்கத்திய நெருக்கடியும் ஒரே குலத்தவை.

பிற்கால நிகழ்ச்சிகள்

அணுசக்தி குறித்து ஆம் ஆத்மி கட்சி தெளிவான நிலை எடுக்கவில்லை என்பதைக் காரணங் காட்டி, 2014 அக்டோபரில் உதயகுமாரன் அதிலிருந்து விலகினார். கட்சி தன்னுடைய கொள்கையை இயக்கத்துக்காக வளைக்கவில்லை. இயக்கமும் தன் ஒரே கோரிக்கையைக் கட்சிக்காக விட்டுக்கொடுக்கவில்லை. பின்னர் பச்சைத் தமிழகம் என்னும் கட்சியைத் தொடங்கி, 2016 சட்டமன்றத் தேர்தலில், இம்முறை கூடங்குளமும் இடிந்தகரையும் அடங்கிய ராதாபுரத்திலேயே நின்றார். அங்கும் கரை ஊர்கள் தொகுதியில் ஒரு பகுதியே; இரு திராவிடக் கட்சிகளுக்கிடையே போட்டி மூண்டு, வெற்றி 49 வாக்குகளில் தீர்ந்தது; உதயகுமாரன் தோல்வியுற்றார். அவ்வாண்டு ஜூலையில் இரண்டாம் உலையும் இயங்கத் தொடங்கியது.

மதிப்பீடு

இப்போட்டியைத் தோல்வி என்று மட்டும் எழுதிவிடுவோர், ஜனங்கள் அவரைக் கைவிட்டார்கள் என்ற தவறான அனுமானத்துக்கு இடங்கொடுப்பர். வெற்றி தோல்விக்கு அப்பாற்பட்ட தார்மிக நிகழ்ச்சி என்று புகழ்வோரோ, தேர்தல் என்பது எண்ணிக்கை என்பதை மறந்தவராவர். மூன்று ஆண்டு பந்தலில் உட்கார்ந்தவர்களின் உறுதி உண்மையானது. அது பத்து லட்சத்துக்கு அருகில் வாக்குப் பதிவாகும் ஒரு தொகுதியில் வெற்றிக்கு வேண்டிய கணக்கோடு ஒப்பிடத்தக்கதல்ல என்பதும் உண்மையானது. ஒரு கிளர்ச்சி வாக்காக மாற வேண்டுமானால், அதன் நிலமும் தொகுதியின் நிலமும் ஒன்றாயிருக்க வேண்டும். அல்லது சிதறிய வாக்கை ஒன்றாகக் கூட்டும் தேர்தல் முறை வேண்டும். நேசமணிக்கு முதலாவதும் பெட்ரா கெல்லிக்கு இரண்டாவதும் கிட்டின. உதயகுமாரனுக்கு இரண்டும் கிட்டவில்லை.